விதியில் இல்லாத பாவம்

எங்கள் சபையில் ஒருவரை வெளியே தள்ளுவதற்கு விதிகள் உண்டு. கட்டியவள் இருக்க இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டால், திருடினால், செத்தவர்களின் ஆவியிடம் குறி கேட்டால், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு பெயரையும் வாசித்துவிடுவோம். அதன்பிறகு அவருக்கு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது. செத்தால் கோயில் மணி அடிக்காது. எங்கள் டோபா ஏரிக்கரையில் மணி அடிக்காமல் குழிக்குள் போவதைவிடப் பெரிய கேவலம் இல்லை.

என் அண்ணன் மரோலோப்பின் பெயரை அப்படித்தான் வாசித்தார்கள். சியாந்தார் நகரத்துக்கு லாரி ஓட்டப் போனவன், அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு குடியேறிவிட்டான். பெயர் வாசிக்கப்பட்ட அன்று அண்ணி ருகுன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து, மகன் லம்ஹோட்டின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் அவன் கூடப்பிறந்த தங்கையாயிற்றே.

சில வருடங்கள் கழித்து அந்தக் கடைக்காரி துரத்திவிட்டதும் அண்ணன் ஊருக்கு வந்தான். வீட்டுக்கு வரவில்லை, வரும் தைரியம் அவனுக்கு ஏது. மேட்டில் ஒரு தகரக் குடிசை போட்டு, பனை சீவிக் கள் இறக்கிப் பிழைத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கோயில் சுவருக்கு வெளியே, ஆண்கள் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பான். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவனே வரவில்லை. நாங்கள் மேல்குரல், அடிக்குரல் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறவர்கள். உள்ளே இருக்கும் பரிசுத்தவான்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, வெளியே நிற்கும் பாவியின் அடிக்குரல்தான் சுருதி பிசகாமல் வரும். வெட்கம் கெட்டவன் என்று திட்டிக்கொண்டே நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடுவேன்.

அண்ணிக்குக் கோயிலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. லம்ஹோட் வளர்ந்து பாத்தாம் தீவில் கப்பல் கட்டும் வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெரிய மரவீட்டில் அவளோடு பேச ஒரு வானொலியும், கீழே தூண்களுக்கிடையே கட்டியிருந்த பன்றியும்தான். புதன்கிழமை பெண்கள் பாடகர் குழு, வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் சுவரோர இடம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். உத்தமி என்று ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. உத்தமியை யாரும் காபி குடிக்கக் கூப்பிடுவதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

போன வருடம் தாருத்துங்கிலிருந்து புதுப் போதகர் வந்தார். சின்ன வயது, கண்ணாடி, ஓயாத இருமல். வந்த முதல் மாதமே பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கடவுள் மனிதனைத் தன் சாயலில்தான் உண்டாக்கினார், முதல் மனிதனிலேயே அது கோணிப்போயிற்று, பாவம் என்பது நாம் செய்கிற காரியம் மட்டுமல்ல, நாம் பிறக்கும்போதே கூட வருகிற கோணல், அதை நாமாக நிமிர்த்த முடியாது, அவர்தான் நிமிர்த்த வேண்டும் என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைக் கை காட்டினார்.

"அப்படின்னா அந்த ஐயா மட்டும் ஏன் வெயில்ல நிக்கறாரு?"

ஜன்னலுக்கு வெளியே அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த வாரமே, சபைக் காரியங்களை முடிவுசெய்யும் மூப்பர் கூட்டம் நடந்தது. நானும் ஒரு மூப்பர். அண்ணன் மனம் திரும்பிவிட்டான், சபை முன்னால் பாவத்தை ஒத்துக்கொள்ளவும் தயார் என்று நானே எடுத்துச் சொன்னேன். எதிர்ப்பு உண்டா என்று அண்ணியிடம் கேட்க என்னையே அனுப்பினார்கள். அவள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

"கடவுள் சேத்துக்கறதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

"அப்ப எதிர்ப்பு இல்லைன்னு எழுதிக்கட்டுமா அண்ணி?"

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். மற்றவர்களும் அதையே கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிர்ப்பு இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, உடனே பன்றி அடிக்கக் கிளம்பிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பலிபீடத்துக்கு முன்னால் நின்றான். போதகர் கேட்டதற்கெல்லாம் ஆம் என்றான். சபை எழுந்து பாடியது, வரிசையில் போய்க் கைகொடுத்தது. அண்ணியும் வரிசையில் போய் விரல் நுனியால் அவன் கையைத் தொட்டுவிட்டு வந்தாள். நான் அழுதேன். இத்தனை காலம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதென்றே நினைத்தேன்.

சபை சேர்த்துக்கொண்டதும் எங்கள் உறவுக்காரர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கெண்டை மீனை மசாலாவில் வேகவைத்து, இறைச்சிக் குழம்பும் சோறுமாகத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாய் விரித்து, நடுவில் அவளையும் அண்ணனையும் ஒட்டி உட்காரவைத்தார்கள். அண்ணியின் தாய்மாமா ஒரு உலோஸ் துணியை விரித்து இரண்டு பேர் தோளையும் சேர்த்துப் போர்த்தினார். கல்யாணத்தன்று தம்பதிக்குப் போர்த்துவோமே, அது.

"இனிமே ஒரே போர்வைதான்," என்றார் மாமா. "மழைக் காலமும் வருது பாரு." எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணி அந்தத் துணிக்குள் கல்லாகச் சமைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள்மேல் படாமல் தோளைக் குறுக்கிக்கொண்டதில் துணி நழுவி நழுவி விழுந்தது, மாமா எடுத்து எடுத்துப் போர்த்தினார். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் வந்த வழியே மேட்டுக்குப் போனான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பெஞ்சில் சுவரோர இடம் காலியாக இருந்தது. காய்ச்சலோ என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், மணிக்கூண்டுப் படியில் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பாட்டுப் புத்தகத்தோடு.

"இங்க என்ன பண்றே? உள்ள வரலியா?"

"வர முடியல மினார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாம தினம் ஜெபம் பண்றோமே, அதுல ஒரு வரி வருது. நாங்க மத்தவங்களை மன்னிக்கற மாதிரி எங்களையும் மன்னியும்னு. அதை என்னால சொல்ல முடியல."

எனக்கு எரிச்சலாக வந்தது. "இத்தனை வருஷம் சொல்லிட்டுத்தானே இருந்தே?"

"அப்ப சொல்ல முடிஞ்சுது. உன் அண்ணன் வெளிய நின்னாரு. சபை தண்டிச்சுடுச்சு, கடவுளும் தண்டிச்சுடுவாரு, நமக்கு அவர்மேல ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். நல்லவளா இருக்கறது சுலபமா இருந்துச்சு. இப்ப சபையும் விட்டுடுச்சு, கடவுளும் விட்டுட்டாரு. நான் ஒருத்திதான் விடாமப் பிடிச்சுட்டு இருக்கேன்."

"அந்த ஒரு வரிக்கு வாயை மூடிக்கோயேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூப்பர் பேசுகிற பேச்சா என்று கேட்காமல் கேட்ட பார்வை.

"என் பேரை வாசிக்கச் சொல்லு," என்றாள். "அவருக்கு வாசிச்சீங்கல்ல, அது மாதிரி."

நான் போய்க் கூட்டத்தில் சொன்னேன். விதிகளைப் புரட்டினோம். இரண்டாவது பெண்டாட்டிக்கு விதி இருக்கிறது, திருட்டுக்கு இருக்கிறது, ஆவியிடம் குறி கேட்பதற்கு இருக்கிறது. மன்னிக்காதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய மூப்பர் பாத்துவா, எழுபது வயது, வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், தொண்டையைக் கனைத்தார்.

"இதுக்கெல்லாம் பேரை வாசிக்க ஆரம்பிச்சா, வாசிக்கறதுக்கு உள்ள யார் இருப்பா?"

எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். போதகர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. அவர் அண்ணியைப் போய்ப் பார்த்து, மன்னிக்கிற மனசும் கடவுள் தருவதுதான், காத்திரு, ஆனால் உள்ளே இருந்து காத்திரு என்று சொல்லிப் பார்த்தார். அவள் காபி போட்டுக் கொடுத்து, இருமலுக்கு இஞ்சியும் கொடுத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டுப் படியில்தான் உட்கார்ந்தாள். பாடகர் குழுவுக்கும் வருவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் வரவில்லை. பேசிச் சிரிக்க அவளுக்கிருந்த ஓரிரண்டு இடங்களையும் அவளே அடைத்துக்கொண்டாள். சாயங்காலம் அந்த வழியாகப் போனால் வீட்டுக்குள் வானொலி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டினால் திறப்பாள், உட்காரச் சொல்வாள், பேசமாட்டாள்.

மழை பிடித்த ஒரு சனிக்கிழமை அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நனைந்த தலையைத் துவட்டக்கூட உள்ளே வரவில்லை.

"நான் பழையபடி வெளிய போயிடறேன் மினார். எனக்குப் பழக்கம்தான். அவளை உள்ள வரச் சொல்லு."

"சேத்துக்கிட்டவனை எப்படிய்யா திரும்ப வெளிய அனுப்பறது? இது என்ன லாரியா, ஏறி ஏறி இறங்க?"

"நீங்க அனுப்ப வேண்டாம். நானே போறேன். அவளுக்கு அந்த பெஞ்சை விட்டா என்ன இருக்கு? அதையும் நான் பிடுங்கிட்டேனே." மூக்கை உறிஞ்சினான். எத்தனையோ முறை அவனைச் செத்துத் தொலை என்று திட்டியிருக்கிறேன். அன்று அவன்மேல் எனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் ஆராதனை நடுவில் எழுந்து வெளியே போனேன். தூறல் விடவில்லை. அண்ணி சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நல்ல மனசு," என்றாள். அவனைப் பற்றி அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. "ஆனா வேண்டாம். அவரு வெளிய போனாலும் நான் உள்ள வர முடியாது. எனக்குள்ள என்ன இருக்குன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே. அதைத் தெரியாத மாதிரி எப்படிப் போய் உக்காருவேன்?"

"அப்ப எவ்வளவு நாள்தான் இப்படி?"

"தெரியல."

உள்ளே பிரசங்கம் முடிந்து சபை ஜெபத்துக்கு எழுந்தது. அண்ணியும் எழுந்தாள். சால்வையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டாள். அவளோடு நானும் எழுந்து நின்றேன். உள்ளேயிருந்து நூறு குரல் ஒன்றாக வந்தது, அவள் உதடும் கூடவே அசைந்தது. பரலோகம், ராஜ்யம், அன்றன்றுள்ள ஆகாரம் எல்லாம் சேர்ந்தே சொன்னாள். அந்த வரி வந்தபோது சபை தடதடவென்று அதைச் சொல்லிக் கடந்துபோயிற்று. அவள் நின்றுவிட்டாள். பிறகு, அடுப்படியில் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசுவது போலச் சொன்னாள்.

"என்னால மன்னிக்க முடியல ஆண்டவரே. அவரு கெஞ்சறாரு, அப்பவும் முடியல. இதையும் சேத்து என்னை மன்னியும்."

அதற்குள் உள்ளே ஆமென் சொல்லி எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அண்ணி அவசரப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து மிச்ச ஜெபத்தை ஒவ்வொரு வார்த்தையாகத் தனியே சொன்னாள். அவள் ஆமென் சொன்னபோது கூடச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் எனக்கு வாய் வரவில்லை.