ஏழு கிலோ சோடா

"ஏழுன்னா ஏழுதான் சம்பந்தி! முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது!"

"முள்ளுக்குத் தெரியாதுங்க, ஆனா இந்தக் கேஜுக்கு..."

"கேஜைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி! மடியில வச்சு ரயில்ல கொண்டாந்திருக்கேன்..."

"உங்களை யாருங்க சொன்னா? நூறு நிக்க வேண்டிய இடத்துல ஏழு நிக்குதேன்னுதான்..."

"நிக்கட்டும்!"

"நின்னா சோடா பொங்காதுங்க!"

நூறு என்று கத்தியவர் மீரான். பாலக்கரையில் வீட்டின் முன்கட்டிலேயே சோடாப் பட்டறை வைத்திருப்பவர். ஏழு என்று கத்தியவர் அப்துல் மாலிக். காரைக்காலில் ஒரு ஐஸ் பாக்டரியில் மேஸ்திரி. மறுநாள் காலையில் மீரானின் மகள் ஹாஜிராவுக்கும் மாலிக்கின் மகன் அப்துல் சலாமுக்கும் நிக்காஹ். அந்தச் சலாமும் அங்கேதான் இருந்தான், கையில் ஸ்பேனரோடு, யார் முகத்தையும் பார்க்காமல்.

மாப்பிள்ளை முதல் நாளே பெண் வீட்டில் கால் வைப்பதாவது! மீரானின் மனைவி சாரா பீவிக்கு அதுதான் காலையிலிருந்து வயிற்றெரிச்சல்.

"கேஜு மாட்ட ஊர்ல வேற பிட்டரே இல்லையாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "என் மகன் கை பட்டாத்தான் அது ஒழுகாது" என்று சொல்லிவிட்டார் மாலிக். அதற்குமேல் சம்பந்தியிடம் என்ன பேசுவது? பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, பழைய பச்சைப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் சோடா மெஷின். அந்தப் பக்கம், இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு ஹாஜிரா.

கேஜ் வந்த கதை இதுதான். ஸ்ரீரங்கத்துத் தேருக்குச் சோடா அடிக்கும்போது ஒரு பாட்டில் வெடித்து, மெஷினில் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் பழைய கேஜின் கண்ணாடியும் முள்ளும் போயின. அதன் பிறகு மீரான் குத்துமதிப்பாகக் கேஸ் ஏற்றினார். வெள்ளைச்சாமி வீட்டுக் கல்யாணத்தில் கோலியைத் தட்டினால் ஒரு சத்தமும் இல்லை. குடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பாலக்கரை முழுக்க அவருக்குப் 'பச்சத்தண்ணி பாய்' என்று பெயர்.

சொந்த மகள் கல்யாணத்திலும் அந்தப் பெயரைக் கேட்டால் மனுஷர் தாங்குவாரா? இருபது டஜன் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். விஷயம் காரைக்காலுக்கு எட்டி, சம்பந்தியும் பெருமையாகப் பித்தளை பளபளக்க ஒரு கேஜ் கொண்டுவந்தார். மாட்டியாயிற்று. கேஸைத் திறந்தாயிற்று. முள் ஏறி ஏழில் வந்து நின்றது.

"சம்பந்தி, கோவிச்சுக்காம கேளுங்க. பழைய கேஜுல முள்ளு நூறைத் தொட்டாத்தான் நான் சக்கரத்தையே சுத்துவேன். இருவது வருஷப் பழக்கம்."

"அது வெள்ளைக்காரன் கேஜு. உங்க ஊரை ஆளுறது அவன். எங்க காரைக்காலை ஆளுறது பிரெஞ்சுக்காரன். அவனுக்குக் கிலோக் கணக்கு. இதுல ஏழுங்கறது ஏழு கிலோ. எங்க பாக்டரியில எல்லாம் இதுதான்."

"கிலோவா? ஒரு கிலோ எத்தனை ராத்தலுங்க?"

வெள்ளைக்காரனின் பவுண்டைப் பாலக்கரையில் ராத்தல் என்றுதான் சொல்வார்கள்.

"ரெண்டு ராத்தலு. அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு."

மீரான் விரல்விட்டு எண்ணினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. முகம் செத்துப்போயிற்று.

"பதினஞ்சு ராத்தலும் கொஞ்சமும் வருதுங்க! நூறு எங்க, பதினஞ்சு எங்க? என் வாயால ஊதினாலே இதைவிட வரும்! நூறு ராத்தல் வேணும்னா உங்க முள்ளு நாப்பத்தஞ்சு கிலோவுக்குப் போகணும்."

"இதுல பதினஞ்சுக்கு மேல நம்பரே இல்லையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்! நம்பரைத் தாண்டிப் போகட்டும், கேஸைத் திறக்கறேன்."

மீரான் கேஸ் உருளையின் திருகைப் பிடித்தார். சலாம் பாய்ந்து அவர் கைமேல் கை வைத்தான்.

"வேணாம் மாமா! வெடிச்சிரும்!"

"விடு தம்பி."

"மாமா, சொன்னாக் கேளுங்க..."

"விடுன்னா விடு!" மீரான் அவன் கையைத் தட்டிவிட்டார். ஸ்பேனர் 'டண்' என்று தரையில் விழுந்தது.

மாலிக் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் நிதானமாகத் துடைத்தார்.

"கேஜைக் கழட்டுடா சலாம்."

"வாப்பா..."

"கழட்டு. எங்க பொருளும் வேணாம், எங்க பேச்சும் வேணாம்னா நாங்க எதுக்கு? சாயங்கால ரயில் இருக்குல்ல?"

"அல்லாவே!" திரைக்குப் பின்னாலிருந்து சாரா பீவி ஓடிவந்தாள். "ஏங்க, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? சம்பந்தி, உக்காருங்க. அவருக்கு நாலு ராத்திரியா தூக்கமில்லை. பச்சத்தண்ணி பச்சத்தண்ணின்னு தூக்கத்துல பொலம்பறார்."

"தூக்கமே இல்லைங்கற, தூக்கத்துல பொலம்பறேங்கற" என்றார் மீரான்.

"இப்ப இது ரொம்ப முக்கியம்!"

"கழட்டுடா" என்றார் மாலிக் மறுபடியும்.

சலாம் நட்டில் ஸ்பேனரை வைத்தான். திருப்பவில்லை. கேஜோடு சேர்ந்து வேறென்ன கழன்று வரும் என்று அவனுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கும் தெரியும்.

"அத்தா."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

"ஏண்டி, நீ வாயைத் திறக்கலாமா? மாப்பிள்ளை நிக்கிறாரு!" என்று சாரா பீவி பல்லைக் கடித்தாள்.

"நிக்கட்டும்மா. சாயங்காலம் ரயிலேறிட்டா யாரு நிப்பா? அத்தா, பழைய கேஜு மாடத்துலதானே கிடக்கு? அதை இங்க நீட்டுங்க. கையில மருதாணி, எடுக்க முடியாது. காட்டினாப் போதும்."

மீரான் நீட்டினார். ஹாஜிரா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டினாள்.

"ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல்னு போட்டிருக்கு. புதுசுல என்ன போட்டிருக்குன்னு கேளுங்கம்மா."

"என்ன போட்டிருக்குன்னு கேக்கறா" என்றாள் சாரா பீவி, எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோன்னு போட்டிருக்கு" என்றான் சலாம், கேஸ் உருளையைப் பார்த்துக்கொண்டு.

"அத்தா! கிலோவை ராத்தலா மாத்தினீங்க. இடத்தை மாத்தினீங்களா?"

"எந்த இடத்தைம்மா?"

"நாளைக்கு விருந்துல சஹன் வைக்கிறோம்ல? ஒரு தட்டைச் சுத்தி நாலஞ்சு பேரு உக்காருவாங்க. ஒருத்தர் சாப்பிடுற பீங்கானைக் காட்டி, 'சஹன்ல சோறு கம்மி'ன்னு யாராவது சண்டை போட்டா என்ன சொல்லுவீங்க?"

"கிறுக்கனாடா நீன்னு கேப்பேன்."

"அதைத்தான் நீங்க இப்ப செய்யறீங்க. அவங்க சென்டிமீட்டர் சின்னப் பீங்கான். நம்ம அங்குலம் சஹன்."

மாலிக் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"சரி, ஒரு சஹனுக்கு எத்தனை பீங்கான்?" என்றார் மீரான்.

"அம்மா, என் பெட்டியில பள்ளிக்கூடத்து அடிக்கோல் இருக்கு. ஒரு ஓரம் அங்குலம், இன்னொரு ஓரம் சென்டிமீட்டர். அதை அவங்ககிட்டக் குடுங்க."

"எவங்ககிட்ட?"

"அம்மா!"

அடிக்கோல் திரைக்கு இந்தப் பக்கம் வந்தது. சலாம் கடைப் பலகையில் பென்சிலால் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கட்டம் போட்டான். கோலைத் திருப்பி, உள்ளே சென்டிமீட்டர் கட்டங்களைப் போட்டான்.

"நாலு கட்டம் முழுசா இருக்கு" என்றான், பலகையிடம்.

"அரைக் கட்டம்?" என்றது திரை.

"அதுவும் நாலு. நாலு அரை ரெண்டு முழுசு."

"மூலையில?"

"மூலையில ஒரு கால் கட்டம்."

"ஆக மொத்தம்?"

"ஆறேகால்."

"ரெண்டு பேரும் பலகைகிட்டயும் திரைகிட்டயும் பேசறதைப் பாருங்க" என்று சாரா பீவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முகம் கோபப்பட மறந்துவிட்டிருந்தது.

"அத்தா, ஒரு பீங்கானுக்குப் பதினஞ்சே சொச்சம் ராத்தல். ஆறேகால் பீங்கானுக்கு எவ்வளவு?"

மீரான் மறுபடி விரலை எடுத்தார். விரல் பத்தவில்லை. மாலிக் தன் விரல்களையும் நீட்டினார். இரண்டு சம்பந்திகளும் ஒருவர் விரலை ஒருவர் மடக்கி எண்ணினார்கள்.

"தொண்ணூத்தாறு!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மீரான் உடனே சொன்னார், "நாலு குறையுதே!"

"மாமா, இங்க பாருங்க. ஓர் அங்குலம் சரியா ரெண்டரை சென்டிமீட்டர் இல்லை. ரெண்டரையைத் தாண்டி ஒரு மயிரிழை நிக்குது பாருங்க. சுத்தி வந்தா அந்த மயிரிழைதான் உங்க நாலு."

மீரான் குனிந்து பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் கேஜைப் பார்த்தார். ஏழு. அப்படியே நின்றுகொண்டிருந்தது பாவம்.

"அப்ப இது நூறுதானா?"

"நூறேதான் மாமா."

"நான் நாப்பத்தஞ்சுக்குத் திருகியிருந்தா?"

"நிக்காஹ் வேற எங்கேயாவதுதான் வச்சிருக்கணும். இந்த வீடு இருந்திருக்காது."

மீரான் சலாமின் கையைப் பிடித்தார். தட்டிவிட்ட அதே கையை. "தப்பாயிருச்சு தம்பி" என்றார். மாலிக்கைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தார்.

"விடுங்க சம்பந்தி. முதல்ல ஒரு பாட்டிலைப் போடுங்க. பச்சத்தண்ணியா இல்லையான்னு பாப்போம்."

பாட்டிலைக் கூண்டில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார் மீரான். தலைகீழாக ஒரு சுற்று, நேராக ஒரு சுற்று. கோலி 'டக்' என்று கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"நீங்களே உடைங்க."

மாலிக் கட்டை விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். சோடா சீறிக்கொண்டு கிளம்பியது. அவர் தாடி, சட்டை, கல்யாணத்துக்கென்று புதிதாக வாங்கிய தொப்பி எல்லாம் நனைந்துவிட்டது. மிச்சம் இருந்தது அரைப் பாட்டில்தான். அதை ஒரே மூச்சில் குடித்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

"மாஷா அல்லாஹ்! ஏழு கிலோ!" என்றார்.

"நூறு ராத்தல்!" என்றார் மீரான்.

"ஏழு!"

"நூறு!"

"மறுபடியுமா?" என்று சாரா பீவி அலறினாள். இருவரும் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுச் சக்கரத்தில் நின்றார்கள். சலாம் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டக்'. நாலாவது டஜனில் மீரான் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன பாய், சத்தம் பலமா இருக்கு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நாளைக்கு வந்து குடிச்சுப் பாரு, மூக்கு வழியா வரும்!" என்றார்.

சலாம் மட்டும் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். சாரா பீவி பக்கத்தில் வந்தபோது மெதுவாக நீட்டினான்.

"மாமி, இது... உள்ள... மருதாணியோட உக்காந்திருக்காங்கல்ல, தாகமா இருக்கும்."

சாரா பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கோலி விழுந்த சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். சக்கரம் நின்றது. இரண்டு சம்பந்திகளும் காதைத் தீட்டினார்கள். சலாம் கையிலிருந்த காலி பாட்டிலைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாளையிலேருந்து நான் பேசறதை அவங்க ராத்தல்ல கேட்டுக்குவாங்களா, கிலோவுலயா?"