கார் வராத கரை

எங்கள் வாய்க்கால் கரைக்குள் கார் நுழையாதபடி தடுப்புக் கல் நட வேண்டும் என்று மனு எழுதியவன் நான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவனும் நானே. அதனால் இந்தக் கதையில் யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் அது சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் இளையபெருமாள். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. பன்னிரண்டு வீடு, எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதினெட்டு ஏக்கர். எங்கள் தாத்தாக்கள் பண்ணையில் கூலிக்கு நட்ட அதே நிலம், உச்சவரம்புச் சட்டத்தில் எடுக்கப்பட்டு எங்கள் அப்பாக்கள் பெயருக்கு வந்தது. நிலம் வந்ததே தவிர, அதற்குப் போகப் பாதை வரவில்லை. வடக்கே வாய்க்கால், மற்ற மூன்று பக்கமும் பண்ணை வீட்டு வயல். வெளியே போக இரண்டே வழி. ஒன்று வாய்க்கால் கரை. இன்னொன்று பண்ணையின் தென்னந்தோப்பு ஓரமாகப் போகும் பழைய வண்டிப்பாதை. அது புறம்போக்கு, எல்லோருக்கும் பொது என்று என் மாமனார் காத்தான் பதினோரு வருஷமாக மனு மேல் மனு போட்டு நடையாய் நடக்கிறார். பண்ணை வீட்டு ரெத்தினம், பாதை தன் பட்டாவுக்குள் வருகிறது என்று சொல்லி கேட் போட்டுப் பூட்டிவிட்டார்.

நான் தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி. முதலாளி லியாகத் அலி அண்ணன் சுவிட்சர்லாந்துக்குப் போய்வந்தவர். அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி, காரையே உள்ளே விடுவதில்லையாம். பெட்டியும் படுக்கையுமாகச் சைக்கிளில்தான் போகவேண்டுமாம். போட்டோக்களைக் காட்டிக் காட்டி அவருக்கு அலுக்கவே இல்லை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்ததும், மலை இல்லாவிட்டால் என்ன, நமக்கு வாய்க்கால் இருக்கிறதே என்றார். கார் குறுக்கே வராத நாற்பது கிலோமீட்டர் கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு மாதம் கரை கரையாகச் சுற்றினேன். முப்பத்தெட்டு தேறியது. பாக்கி இரண்டுக்கு எங்கள் ஊர்க் கரையைச் சேர்த்தேன்.

அதில் எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. எங்கள் கரையில் அப்போது மணல் லாரி ஓடிக்கொண்டிருந்தது. கரை உட்கார்ந்து போயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒதுங்க இடமில்லை. தெருப் பையன்கள் ஒருநாள் லாரியை மறித்தார்கள். ஏழு பேர் மேல் கேஸ், இன்னும் ஜாமீனில் இருக்கிறார்கள். நான் அன்றைக்குத் தஞ்சாவூரில் பஞ்சர் ஒட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். மறியலால் நிற்காத லாரியைச் சைக்கிளை வைத்து நிறுத்திக் காட்டுகிறேன் என்று தெருவில் மார்தட்டினேன். நிறுத்தியும் காட்டினேன். கரையின் இரண்டு முனையிலும் கான்கிரீட் கல் நட உத்தரவு வந்தபோது என்னைத் தோளில் தூக்காத குறைதான்.

கல் நட வந்த மேஸ்திரி, நடுவில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் நின்றுகொண்டிருந்தோம். எல்லோர் வாயிலும் ஒரே பதில் வந்தது. பாடை போகவேண்டும். என் மாமனாரின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பாதையில் போனபோது மறித்துவிட்டார்களாம். பாடையை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள். பாதை என்றால் எங்கள் தெருவுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மூங்கிலை வெட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து நின்று பார்த்து, நாலடி என்று அளந்து சொன்னோம். செத்தவர்கள் போக வழி சரியாக இருந்தது. விவசாயம் செய்கிற பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும், வருஷா வருஷம் இதே கரை வழியாக வருகிற அறுவடை மெஷின் ஞாபகம் வரவில்லை. உழவுக்குப் பவர் டில்லர் நாலடிக்குள் நுழைந்துவிட்டதால் பிறகும் உறைக்கவில்லை.

தை மாதம் சம்பா முற்றித் தலை சாய்ந்தபோதுதான் உறைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மெஷினை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. டிரைவர் இறங்கி, இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்று, கையை விரித்துப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். டிவியில் வெள்ளிக்கிழமை முதல் கனமழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த கதிர் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். அதற்கப்புறம் அது நெல் இல்லை.

கல் நட உத்தரவு கொடுத்த ஆபீசுக்கு ஓடினேன். கல்லை எடுப்பதற்கும் ஒரு ஃபைல் போகவேண்டும், இருபது நாள் ஆகும் என்றார்கள். சுற்றிலும் இருந்த பண்ணை வயலில் பிந்தி நட்ட தாளடிப் பயிர் இன்னும் பச்சையாக நின்றது, அதை மிதித்துக்கொண்டு மெஷின் வரமுடியாது. கையால் அறுத்துப் பார்த்தோம். ஜாமீனில் இருந்த ஏழு பேரைத் தவிர இளவட்டமெல்லாம் திருப்பூரில். இருந்தவர்கள் இருட்டும்வரை குனிந்து அரை ஏக்கர் முடித்தோம். என் மனைவி அம்சத்தால் அப்புறம் நிமிரவே முடியவில்லை. நாலா பக்கமும் நெல் விளைந்து கிடக்க, நடுவில் நாங்கள் பொறியில் மாட்டிய எலி மாதிரி நின்றோம்.

கல்லை உடைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. உடைத்தால் பொதுச்சொத்துச் சேதம், புதுக் கேஸ். ஏழு பையன்களின் ஜாமீன் போய்விடும், அதில் இரண்டு பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். எனவே அவர்கள் கடப்பாரையைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடப்பாரை தூக்கத் தெம்புள்ளவர்களில் கேஸ் இல்லாதவன் நான் மட்டும்தான். நான் உடைத்தால் யாருடைய ஜாமீனும் போகாது. வேலை போகும், ஒருவேளை பத்து நாள் உள்ளே இருக்கவேண்டி வரும். அது எனக்கு முதல் நிமிஷத்திலேயே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

அதற்குப் பதிலாக, நான் போய் ரெத்தினத்திடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். சைக்கிளில் வருகிற விருந்தாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான், எனக்கு நல்ல பழக்கம். அவரும் முகம் கொடுத்துத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். மெஷின் தாராளமாகத் தோப்பு வழியாகப் போகட்டும் என்றார். சாவியைக்கூட எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு சொன்னார்.

"ஒரே ஒரு லெட்டர் மட்டும் வேணும். பாதை என்னுதுதான், நான் விட்டதால போறோம்னு. ஒங்க மாமனார் கையெழுத்துல. மத்தவங்க யாரும் போட வேணாம்."

நான் அதிர்ச்சி அடைந்தேன் என்று சொன்னால் பொய். இப்படித்தான் கேட்பார் என்று கிளம்பும்போதே தெரியும். தெரிந்தே காபியைக் குடித்து முடித்தேன்.

புதன்கிழமை முழுக்கத் தெருவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. லெட்டர் எழுதினால் பதினோரு வருஷம் போட்ட மனுவெல்லாம் அன்றோடு செத்தது. எழுதாவிட்டால் பன்னிரண்டு வீட்டு நெல் முளைக்கும். மாமனாரை யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் வயலைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் அவரைப் பார்ப்பார்கள். அவர் இரண்டு மூன்று தடவை என் வீட்டுக்கு வந்தார். வந்து, மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், எனக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து போனார். எதற்கு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனார். ரெத்தினம் லெட்டரைத் தயாராக அடித்து வைத்திருந்தார். என்னைப் படிக்கச் சொன்னார் மாமனார். மேற்படி பாதையில் எங்களுக்கு உரிமை எதுவும் இல்லை, நிலத்தின் சொந்தக்காரர் மனமுவந்து இந்த ஒரு முறை அனுமதித்தார் என்று படித்தேன். மனமுவந்து என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, பெயர் முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் தோப்பு வழியாக உள்ளே போனது. மதியத்துக்குள் பாதி வயல், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மீதியும் முடிந்தது. பெண்கள் களத்தில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புகூடக் கேட்டது. மறுநாள் விடிந்தபோது காற்று ஈரமாக இருந்தது. நெல் தப்பித்துவிட்டது என்ற நிம்மதியில் நான் களத்துக்குப் போனேன். மாமனார் மட்டும் இருந்தார். கல்லை எடுக்கச் சொல்லி மனுவை நானே எழுதி, நானே அலைந்து வாங்கி வருகிறேன் என்று ஆரம்பித்தேன்.

அவர் நெல்லைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

"ஒங்க மேலதான் கேஸ் ஒண்ணும் இல்லையே மாப்ள. செவ்வாக்கெழமையே நெனச்சேன். நானா கேட்டா எம்மக குடும்பத்த நானே கெடுத்த மாதிரி ஆயிடும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நானும் நினைத்தேன் மாமா என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"கல்ல எடுத்தா மறுபடி மணல் லாரி வரும், அது இருக்கட்டும். இனிமே வருசா வருசம் அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கணும். நீங்களே போயிருங்க. அங்க ஒங்களுக்குக் காபி குடுக்குறாங்க."

சரி மாமா என்றேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.