மொச்சை நெற்றின் மேல் மூன்று நடை

சாலையில் கதிரோ நெற்றோ உலர்வதைக் கண்டால் சின்னுசாமி சும்மா கடந்து போகமாட்டார். வேகத்தைக் குறைத்து, தம் புல்லட்டை அதன் நடுவே ஏற்றி ஓட்டி, மறுமுனையில் திருப்பி இன்னொரு நடை வந்து, அதன் பிறகுதான் தம் வழியில் போவார். நாமக்கல் சமவெளியில் அறுவடை முடிந்ததும் கொள்ளையும் சோளத்தையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவது வழக்கம். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்தே மணி உதிர்ந்துவிடும். களத்தில் மாடு கட்டி ஓட்டுகிற பாடு மிச்சம். "இன்னொருக்கா வந்துட்டுப் போங்க சாமி" என்று சாலையோரத்துப் பெண்கள் அவரைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. யாரிடமும் எதையும் எதிர்பாராமல் செய்கிற உபகாரம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

1979ஆம் ஆண்டு ஐப்பசியில், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், நண்பர்கள் மூவர் கொல்லிமலைக்குப் புறப்பட்டார்கள். சின்னுசாமி மோகனூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். நாச்சிமுத்து நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர் தம் ராஜ்தூத்தில் வந்தார். இராசிபுரத்து நெசவு வீட்டைச் சேர்ந்த வீரபாகு, சின்னுசாமியின் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டார்.

மூன்று நாள் மழை அன்று காலைதான் விட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாறையிலிருந்து நீர் நூலாக வடிந்தது. ஏற ஏறக் குளிர் காதைக் கடித்தது. கீழே, ஏரிகள் துண்டு துண்டாக மின்னின. வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்த வீரபாகு ஐம்பதுக்கு மேல் கணக்கைத் தவறவிட்டு, "மிச்சத்தை எறங்கறப்ப எண்ணிக்கலாம்டா" என்றார்.

மலை உச்சியில், செம்மேட்டைத் தாண்டி ஒரு நேர்ச்சாலையில், நல்ல வெயிலில் மொச்சை நெற்று பரப்பியிருந்தது. சின்னுசாமியின் முகம் மலர்ந்தது. வண்டியை ஏற்றினார். சக்கரத்தடியில் நெற்று நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார், மறுபடியும் போனார். "நாச்சி, நீயும் ஓட்டுடா, புண்ணியமாப் போகும்" என்றார். மூன்றாம் நடை முடியுமுன், ஊற்றிலிருந்து குடத்தோடு வந்த ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து முன்சக்கரத்துக்கு எதிரே நின்றார்.

"எறங்கு கீழ."

"ஏனுங்க, ஒதவிதானுங்க பண்றோம். நோகாம உதுந்து கெடக்குது பாருங்க."

அந்தப் பெண் குனிந்து ஒரு கை அள்ளி, சின்னுசாமியின் மூக்கருகே விரித்துக் காட்டினார். மணிகளில் பாதிக்கு மேல் இரண்டாகப் பிளந்திருந்தன.

"இது விதை. வருசம் பூரா அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்ட விதை. மழையில ஈரம் ஏறிடுச்சேன்னு காயப் போட்டேன். நாளான்னிக்கு விதைப்பு. பொளந்தது மொளைக்குமா?"

"விதையப் போயி எவளாச்சும் ரோட்டுல போடுவாளா?"

"பாறை இன்னும் காயல, ரோடு காஞ்சிருந்துச்சு. காலை பஸ்ஸு போயாச்சு. இனிமே சாயங்காலந்தான். அந்த டிரைவரே விதைன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போவாரு. உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?"

முப்பது ஊர்களில் வாழ்த்துப் பெற்ற செயலுக்கு இங்கே வசவா? சின்னுசாமிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "இந்தக் கொட்டைய எங்கூருச் சந்தையில மூட்டையா வாங்கி உன்ற மூஞ்சில வீசறேன்" என்றார்.

"உங்கூருக் கொட்டை எங்க பனியில பூக்காது. இந்தப் பட்டம் போனா அடுத்த ஐப்பசிதான். அதுவரைக்கும் எம்புள்ளைங்க எதைத் திங்கும்?"

சின்னுசாமி எஞ்சியிருந்த நெற்றைச் செருப்புக் காலால் ஓங்கி எத்தினார். அது சிதறிச் சாலையோரத்து வாய்க்காலில், மழைச் சேற்றில் விழுந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மைல் தள்ளி இருந்த டீக்கடையில் நிறுத்தினார்கள்.

"மலைக்காரிக்கு வாயப் பாத்தியா?" என்றார் நாச்சிமுத்து.

"நல்லது செய்யறவனுக்குக் காலமில்ல" என்று சின்னுசாமி பொருமினார்.

வீரபாகு டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஒரு கரடி இருந்துச்சாம். தூக்கணாங்குருவிக் கூடு மழையில நனையுதேன்னு எரக்கப்பட்டு, கூட்டை அப்படியே கவ்விட்டுப் போயிக் கொகைக்குள்ள வெச்சுதாம். உள்ள இருந்த குஞ்சுக செத்துப்போச்சு. குருவி வந்து அழுதுது. நன்றி கெட்ட குருவின்னு கரடி உறுமுச்சாம்."

"என்னையக் கரடிங்கறயா?"

"கரடி பாவம்டா. அது கூட்டைக் காலால எத்தல."

சின்னுசாமி டீயைக் கீழே கொட்டிவிட்டு எழுந்தார். பெண்ணின் மேல், வீரபாகுவின் மேல், மழையின் மேல் எல்லாம் கோபம் வந்தது. புல்லட்டின் பக்கத்தில் போய் நின்றார். பின்சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு மொச்சை அப்பியிருந்தது. நகத்தால் எடுத்தார். கையிலேயே இரண்டாகி, முளைக்குருத்து ஒடிந்து தனியே விழுந்தது. தம் வீட்டில் விதைக்கடலைப் பானையை அவர் மனைவியைக்கூடத் தொடவிடுவதில்லை. எவனாவது அதை இப்படி மிதித்துவிட்டு மேலும் எத்தியிருந்தால் அவன் காலை ஒடித்திருப்பார். இதை நினைத்த கணத்தில் கோபம் குறையவில்லை. ஆள் மட்டும் மாறிப்போனது.

கடைக்காரரிடம் வந்தார். "இந்த மலை மொச்சை விதை எங்கீங்க வெலைக்குக் கெடைக்கும்?"

"விதைய இங்க விக்கறதில்ல. கேட்டாக் கையளவு குடுப்பாங்க. எதுக்குன்னு சொல்லணும்."

"ஆகாய கங்கை பாக்க வந்தமா, வீடு வீடாக் கையேந்த வந்தமா?" என்று நாச்சிமுத்து சீறினார். "மானங்கெட்ட வேலைக்கு நான் வாரதில்லை." அவருடைய ராஜ்தூத் அருவிப் பக்கம் போயிற்று. வீரபாகு தம் துண்டை உதறி மூட்டையாகப் பிடித்துக்கொண்டார்.

முதல் வாசலில் சின்னுசாமி, "ஒரு அம்மாளோட விதை வீணாப் போச்சுங்க" என்றார். "எப்படி?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "வண்டி ஏறிடுச்சுங்க." "யாரு வண்டி?" சின்னுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "என்றதுங்க" என்றார். நான்காம் வாசலில் மயிலம்மாள் என்பவர் கதை முழுவதும் கேட்டுவிட்டு, "ஆராயி விதையா?" என்றார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் பெயர் அவர்களுக்குத் தெரிந்தது. மயிலம்மாள் சின்னுசாமியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு கை அள்ளி வந்தார். "உனக்கில்ல, அவளுக்கு" என்றார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் தம் வாயால் சொல்லச் சொல்ல, அந்தக் காரியம் சின்னுசாமிக்கே மேலும் மேலும் அருவருப்பாகத் தெரிந்தது.

பிற்பகலில் திரும்பி வந்தபோது, ஆராயி சாலையோரத்தில் அமர்ந்து முறத்தில் விதை பிரித்துக்கொண்டிருந்தார். சின்னுசாமி துண்டை அவிழ்த்து வைத்தார். ஆராயி ஒரு விதையைக் கடித்துப் பார்த்தார்.

"எத்தன வீடு?"

"பதினேழுங்க."

"நீதான் மிதிச்சேன்னு சொன்னியா?"

"எல்லா ஊட்டுலயும் சொன்னனுங்க."

"காலால எத்துனதை?"

சின்னுசாமி தரையைப் பார்த்தார். "அதைச் சொல்லலீங்க." பிறகு நிமிர்ந்தார். "மிதிச்சது தெரியாமங்க. எத்துனது தெரிஞ்சுதான். அது என்ற தப்பு."

ஆராயியின் முகம் இளகவில்லை. "இது பாதிக் காட்டுக்குத்தான் காணும். முழுசு இன்னும் அந்தச் சேத்துல கெடக்குது" என்று வாய்க்காலைக் காட்டினார். "பொறுக்கு."

சின்னுசாமி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி முழங்காலிட்டார். வீரபாகுவும் இறங்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். சேற்றைத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து, ஊற்று நீரில் கழுவினார். முழு விதையை ஒரு பக்கமும் பிளந்ததை ஒரு பக்கமும் வைத்தார். சந்தேகமானதை ஆராயியிடம் நீட்டி, "இது ஆகுங்களா?" என்று கேட்டார்.