பதினான்கு நாற்காலிகளும் ஒரு வீட்டு ஜெபமும்

1

இந்தக் கதை என் தலையில் விழுந்தது இப்படித்தான். எங்கள் சபையில் போன ஞாயிறு ஜாஸ்மின் சாட்சி* சொல்ல எழுந்தாள். சிரிப்பு வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீதியை நான் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தொடக்கம் ஒன்று: ‘இரும்புலியூரின் மீது செவ்வந்தி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அந்த…’

வேண்டாம். இரும்புலியூரில் யார் அந்தியைப் பார்க்கிறார்கள்? ஜிஎஸ்டி ரோட்டைக் கடப்பதற்கே கண் போதவில்லை.

தொடக்கம் இரண்டு: ஜாஸ்மின் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒற்றை அறை வீடு. ஞாயிறு மாலைதோறும் சபையாரில் ஒருவர் வீட்டில் ஜெபம் நடக்கும். போன வருடம் அவள் முறை வந்தபோது வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்துவிட்டது. இந்த வருடம் கட்டிலைச் சந்தில் நிறுத்தி, பதினான்கு நாற்காலி வாடகைக்கு எடுத்து, பெரிய பாத்திரத்தில் காப்பியும் போட்டுவைத்தாள்.

“நாம பாடினா இந்த வூட்டுலயும் தேவன் வந்து தங்குவாரு இல்லண்ணா?” என்று ஜெபத்துக்கு முதல் நாள் என்னிடம் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. [இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.]

* தேவன் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்வது. சிரிக்கக் கூடாது என்று விதி இல்லை.

2

ஜெபத்தன்று மாலை ஐந்தரைக்கு எதிர்வீட்டுக் கிளியம்மாள் ஓடிவந்தார். அவர் மகள் ஓவியாவைப் பெண் பார்க்க நாலு பேர் வருவதாகச் சொன்னவர்கள், பதினான்கு பேராக வேனில் வந்து இறங்கியிருந்தார்கள்.

“ஜாஸ்மினு, என் வூட்ல நிக்கக்கூட எடம் இல்ல. பேஜாரா கீது. கொஞ்ச நேரம் உன் வூட்ட குடுக்கிறியா?”

இங்கே ஜாஸ்மினைப் பத்து நிமிடம் நிற்கவைத்து, ஒரு பக்கத்துக்கு மனப்போராட்டம் எழுதினேன். அவளிடம் படித்தும் காட்டினேன்.

“அவ்ளோ நேரம்லாம் யோசிக்கலண்ணா. முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் எதிர்வாசல்ல நின்ன ஓவியா மூஞ்சியப் பாத்தேன். உள்ள வாங்கன்னுட்டேன்.”

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

3

ஆறு மணிக்கு டோலக் மேளத்தோடு சபையார் நாங்கள் போனபோது அறை நிறைய ஆட்கள். பாஸ்டர் அசரியாவுக்கு வாயெல்லாம் பல். ஜாஸ்மின் இத்தனை புது ஆட்களை ஜெபத்துக்குச் சேர்த்திருக்கிறாளே என்று பூரித்துப்போனார். காப்பித் தட்டோடு நின்ற அவள் வாயைத் திறப்பதற்குள், சபை வழக்கப்படி ஆரம்பித்தும்விட்டார்.

“புதுசா வந்தவங்க எழுந்து நின்னு பேரு சொல்லுங்க.”

பெண் வீட்டுப் பெரியவர் விசாரிக்கிறார் என்று நினைத்து மாப்பிள்ளை எழுந்தான்.

“தினகரன், சார். ஒரகடத்துல சூப்பர்வைசர். தண்ணி, சிகரெட் கிடையாது.”

“ஸ்தோத்திரம்” என்று சொல்லிக் கைதட்டினோம்.

எங்களை ஓவியாவின் மாமன்மார் என்று எடுத்துக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணு பாடுமா?” என்றார். ஓவியாவுக்குச் சுத்தமாகப் பாட வராது. அவள் ஜாஸ்மினைப் பார்த்தாள். ஜாஸ்மின் தனக்குத் தெரிந்ததைப் பாடினாள், ஒரு துதிப்பாட்டு. வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்ற நாங்களும் சேர்ந்துகொண்டோம். வேனில் வந்தவர்கள் தாளம் தப்பாமல் தட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் கிளியம்மாள் விஷயத்தை உடைத்தார். முதலில் சிரித்தது பாஸ்டர்தான். அப்புறம் பேச்சும் காப்பியுமாக மணி எட்டாகிவிட்டது. ஜெபம் நடக்கவில்லை. ஜாஸ்மினின் முறை இனி அடுத்த வருடம்தான்.

4

முடிவு ஒன்று: ‘ஒரு நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அதில் அமர்ந்திருந்தது யார் என்று…’

ஜாஸ்மின் என் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.

“காலியா ஏதுண்ணா? எல்லாத்துலயும் ஆளு.”

“அப்போ அன்னைக்கு தேவன் வரலையா?”

“வந்தாரே. உக்கார எடம் இல்ல. என்கூட காப்பி குடுத்துகினு இருந்தாரு.”

இதற்குப் பிறகு நான் என்னத்தை எழுதுவது? கல்யாணம் கூடியதா என்பதை உங்களிடமே விடுகிறேன். ஒரே ஒரு உதவி. முடிப்பதற்கு முன் ஜாஸ்மினை ஒரு நாற்காலியில் உட்காரவையுங்கள். நான் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அடுத்த வரியிலேயே, வாசல்ல இருக்கிறவங்களுக்குக் காப்பி வரல என்று எழுந்துவிடுகிறாள்.