அசையாத கோணம்

"அசையாத கோணம் ஒன்றைப் படம் பிடித்து, அளந்து, கீழே ஒரு வரி எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று எட்டாம் வகுப்பிடம் வாய் கிழியச் சொல்லியிருந்தார் கணக்கு டீச்சர். பாடம் மனதில் பதியட்டும் என்று இந்தத் தலைவலியை விலைகொடுத்து வாங்கியவர் அவரேதான். வந்ததெல்லாம் கதவு. பாதி திறந்த கதவு, முழுக்கத் திறந்த கதவு, நாய் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கதவு.

"கதவு அசையாதாம்! இதுங்களைக் கட்டி மேய்க்கறதுக்குள்ள என் உசிரு போயிடும்" என்று ஒவ்வொரு படத்தையும் சிவப்பு மையால் சுழித்தார்.

"சும்மா பாஸ் போட்டுட்டு வந்து படு" என்றார் சோபாவில் சாய்ந்திருந்த கணவர்.

கடைசிப் படம், வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்ணுடையது. யாரோ ஒரு அம்மாள் மேசைமேல் கவிழ்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து தலைவரை ஒரு கோடு, இடுப்பிலிருந்து முட்டிவரை இன்னொன்று. நடுவில் ஐம்பது டிகிரி. பாவம், யார் வீட்டு அம்மாவோ என்று நினைத்த பிறகுதான், படத்தில் அந்த அம்மாளின் நாற்காலியில் தொங்கிய தன் பை டீச்சரின் கண்ணில் பட்டது.

கீழே எழுதியிருந்தது: "டீச்சர், எந்த பீரியட்ல பார்த்தாலும் இது அசையவே இல்லை."

வீம்புக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகு கடக்கென்றது.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. ஒருத்தி மட்டும் சரியாப் போட்டிருக்கா."

முழு மதிப்பெண் போட வேண்டும். அதற்கும் குனிந்துதான் ஆக வேண்டியிருந்தது.