மார்லிஸ் இழுத்துப்போட்ட மரம்

1

இந்தக் கதை பிறந்ததே என் அசட்டுத்தனத்தால்தான். சியாட்டிலுக்கு வடக்கே, ஓடையை ஒட்டிய எங்கள் தெருவில், வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மார்லிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், விறுவிறுவென்று வந்து குழாயை மூடினாள். சோப்புத் தண்ணீர் வடிகால் வழியாக நேரே ஓடைக்குப் போய் மீனைக் கொல்லுமாம். புல்தரையில் நிறுத்திக் கழுவினால் மண் குடித்துக்கொள்ளுமாம். காரைப் புல்தரைக்கு நகர்த்தினேன். அவளைக் கதையில் வைத்துப் பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "இலையுதிர்கால மழையில் சால்மன் மீன்கள் கடலைவிட்டு, முட்டையிடத் தாங்கள் பிறந்த ஓடையைத் தேடி..." (அடித்துவிட்டேன். இது மீன்களுக்கே தெரியும்.)

இரண்டாவது: "மார்லிஸ் தப்பே செய்யாதவள்." (பொய். செய்ததால்தான் கதை.)

3

வருடாவருடம் செப்டம்பரில் ஊர் கூடி ஓடையைச் சுத்தம் செய்வோம். போன வருடம் மார்லிஸ் தலைமையில் டயர், பிளாஸ்டிக்கோடு, வளைவில் விழுந்து கிடந்த பெரிய மரத்தையும் கயிறு கட்டி இழுத்துப்போட்டோம். ஓடை பளிச்சென்று ஆனது. கைதட்டினோம்.

நவம்பரில் அந்த வளைவில் ஒரு மீன்கூடத் தங்கவில்லை. மரத்தடியில் உண்டாகும் குழியில்தான் மீன்கள் இளைப்பாறும், குஞ்சுகள் ஒளியும் என்று மீன் கணக்கெடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். மார்லிஸ் ஒரு வாரம் தினமும் வேலை முடிந்து அந்த வளைவில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. எடுத்துவிட்டேன்.]

4

இந்தச் செப்டம்பரில் ஊர் கூடிச் சுத்தம் செய்யப் போனபோது, அதே வளைவில் ஒரு தேவதாரு தானாகவே விழுந்து கிடந்தது. அவளுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. பக்கத்து வீட்டு டுவேன், குளிருக்கு விறகாச்சு என்று ரம்பத்தோடு வந்துவிட்டான். மார்லிஸ் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"போன வருஷம் நீதானே இழுக்கச் சொன்ன?"

"ஆமா, நான்தான். தப்பா சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

"ஓடை அசிங்கமா கெடக்குமே, மார்லிஸ்."

"கெடக்கட்டும். நீயா அதுல குடித்தனம் பண்ணப்போற?"

நாற்பது பேர் நின்றார்கள். எனக்கு இரண்டு பேர் முன்னால்கூட அப்படித் தப்பை ஒப்புக்கொள்ள வாய் வராது. பழிவாங்கும் எண்ணம் அங்கேயே போய்விட்டது. டுவேன் முணுமுணுத்துக்கொண்டே ரம்பத்தை வண்டியில் வைத்துவிட்டு, குப்பைப் பையை எடுத்துக்கொண்டான்.

5

முடிவு ஒன்று: மீன்கள் திரண்டு வர, டுவேன் தொப்பியைக் கழற்றுகிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: ஒன்றும் வரவில்லை. (மார்லிஸ் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

இன்று நவம்பர் மூன்று. மழை பிடித்துவிட்டது. மார்லிஸ் கரையில் நின்று, கிளைகளுக்கு அடியில் எதையோ கைகாட்டுகிறாள். என் ஜன்னலிலிருந்து தெரியவில்லை. நீங்கள்தான் கிட்டே இருக்கிறீர்கள், குனிந்து பாருங்கள். தண்ணீரில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். அடியில் முட்டை இருக்கலாம்.