யாருடைய பசி

அப்பாவின் தாடையைக் கட்ட, பழைய வேட்டியிலிருந்து துணி கிழித்துக்கொண்டிருந்தாள் சந்தனா. கூடத்தில் அண்ணன் ஜினசேனன் துக்கம் கேட்க வந்தவர்களிடம் பேசுவது காதில் விழுந்தது.

“கடைசி வரைக்கும் பொழுது சாஞ்சப்புறம் ஒரு பருக்கை வாயில வெக்கலீங்க. விரதத்தோடவே போயிட்டாரு.”

வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா ஜினராஜ் வாத்தியார் கும்பிடத்தக்க மனிதர்தான். இருட்டியபின் சாப்பிடுவதில்லை என்று வாலிபத்திலேயே தானாக யோசித்து எடுத்த சமண விரதம் அது. கீழ்பென்னாத்தூர் பள்ளியிலிருந்து வரும் பஸ் தாமதமானால் பட்டினியாகப் படுத்துக்கொள்வார், முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் அந்த மனிதர் போய் மூன்று வருஷமாகிறது. நினைவு தப்பிய பிறகு மகளை அம்மா என்றார். மகனை “நீங்க யாருங்க?” என்றார். நேற்று வெளிச்சத்தில் ஊட்டியதையெல்லாம் துப்பிவிட்டு, விளக்குப் போட்ட பிறகு சந்தனாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

“பசிக்குதும்மா. சோறு போடும்மா.”

அவள் தட்டை எடுத்தாள். மாத்திரை கொடுக்க ஒருநாளும் எட்டிப் பார்க்காத அண்ணன், விரதத்துக்குக் காவல் நிற்க மட்டும் சரியாக வந்து சேர்ந்தார்.

“அப்பா கேக்கல சந்தனா, வியாதி கேக்குது. நல்லா இருந்தப்ப அவரு இதுக்கு ஒத்துப்பாரா, நீயே சொல்லு.”

ஒத்துக்கொள்ளமாட்டார். அதுதான் அவள் வாயையும் அடைத்துவிட்டது. அப்பா கேட்டுக் கேட்டு ஓய்ந்து தூங்கிப்போனார். காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு வேளைப் பட்டினியில் யாரும் சாவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பசியோடு போனார்.

தாடையைப் பிடித்துக்கொள்ள அண்ணன் உள்ளே வந்தார். சந்தனா குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்.

“போன வாரம் உன் தலையில கை வெச்சாரு. அப்பா ஆசீர்வாதம் பண்ணிட்டாருன்னு எல்லாருக்கும் போன் போட்டியே. கை வெச்சது அப்பா, சோறு கேட்டது வியாதியா?”

“மெதுவா பேசு, ஆளுங்க இருக்காங்க. நான் அவரு பேரைக் காப்பாத்தியிருக்கேன்.”

“பேருக்கா பசிச்சுது?”

அண்ணன் குனிந்து தாடையைப் பிடித்தார். அவள் முடிச்சுப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டாகவே போட்டாள்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் அமரர் ஊர்தி நகரவே இல்லை. ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து முடிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறும் ரசமும் தொடாமல் மூடியே இருந்தன. அண்ணனின் மூன்று வயதுப் பேத்தி சுருதி சாயங்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு அப்போதுதான் எழுந்தாள். நேராக அவர் மடியில் போய் விழுந்தாள்.

“தாத்தா, பசிக்குது.”

“சந்தனா, புள்ளைக்கு ரெண்டு வாய் ஊட்டும்மா.”

“பொழுது போயிடுச்சுங்களே,” என்று அண்ணி இழுத்தாள்.

“அதுக்கு என்னாடி தெரியும்? பசிக்குதுன்னு கேக்குது, போடுவியா...”

மேற்கொண்டு பேச வந்தவர் தங்கையைப் பார்த்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார்.

சந்தனா பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, குழையக் குழையப் பிசைந்தாள். சுருதி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.